ஓட்டக்காரர் ஐந்து நிமிஷம் நின்ற வாசல்

1

மகனுடைய திவசம் இந்த வருஷம் திதிப்படி வியாழக்கிழமை வந்தது. இருபத்தாறாவது. விடியவே எழும்பி மகள் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய்ப் பால்கறியோடு ஏழு கறி வைத்தேன். வாழையிலை இங்கே உறைந்துபோய்ப் பெட்டியில் வரும். தண்ணீரில் போட்டு இளக்கி எடுத்தால் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். பரவாயில்லை. படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தி வெளியில் நின்றேன். வந்தவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்றுதானே நாங்கள் கதவைச் சாத்துகிறோம். நான் இருபத்தாறு வருஷமாகச் சாத்துகிறேன், அவன் வந்தானோ இல்லையோ தெரியாது.

திவசம் கழிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை, தனியே ரயில் ஏறி, மகன் இருந்த பார்க்டேலுக்குப் போய் வந்தேன். அதை எழுதத்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல ஏலாது.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களில் சிலருக்குக் குகனைத் தெரிந்திருக்கும். சங்கக்கடை மனேச்சராக இருந்தவரின் ஒரே பெடியன், மெலிந்த உயரமான பிள்ளை, பதினெட்டு வயதில் கனடாவுக்கு ஓடினவன். அவன் பாட்டு எழுதினான் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தவேண்டாம்.

2

என்னைக் கனடாவுக்கு எடுத்தவன் குகன்தான். அவனுடைய அப்பா செத்த பிறகு ஸ்பொன்சர் பேப்பர் போட்டான். எத்தனை பேப்பர்! என் பிறந்த திகதி ஒன்றில் ஒருமாதிரி, மற்றதில் வேறுமாதிரி. அதற்கு ஒரு சத்தியக்கடதாசி. அந்தச் சத்தியக்கடதாசிக்கு இன்னொரு கடதாசி. கொழும்பில் நேர்முகத்துக்குப் போக முதல்நாள் ரெலிபோனில் சொன்னான்:

"அம்மா, பயப்பிடாதேங்கோ. என்ன கேட்டாலும் யெஸ் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

நான் அப்படியே சொன்னேன். உங்கள்மேல் ஏதாவது குற்ற வழக்கு இருக்கிறதா என்று கேட்டதற்கும் யெஸ் என்றேன். மொழிபெயர்க்க இருந்தவர் சிரித்துப்போட்டு, "அம்மா, இதுக்கு மட்டும் நோ சொல்லுங்கோ" என்றார். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. டொக்டர் கேட்டாலும், வங்கியில் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் கேட்டாலும் யெஸ்தான். என்னைப்போல இங்கே வந்த கிழவிகள் எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கிறது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். யெஸ் என்றால் அவர்கள் போய்விடுவார்கள்.

பார்க்டேலில் நாலாம் மாடியில் ஒரு அறையும் ஹோலும் குசினியும். அறையை எனக்குத் தந்துவிட்டுக் குகன் ஹோலில் படுத்தான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க் என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியன் சாப்பிட வருவான். சிவப்புத் தாடி. வாசிகசாலையில் புத்தகம் அடுக்கிற வேலை. முதல்நாள் சப்பாத்தோடு குசினிவரை வந்துவிட்டான். நான் அகப்பையால் அவன் காலைக் காட்டினேன். அவன் முகம் தாடியைவிடச் சிவந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் பிழைவிடவில்லை. வாசலுக்கு வெளியில் கழற்றி, இரண்டையும் ஒட்டி நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடப் பழகினான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதை மறைக்கத் தேவையில்லை.

மூன்றாம் வருஷம் குகனுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. படத்தைக் காட்டினேன். அவன் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"அம்மா, நான் மார்க்கோடதான் இருக்கப்போறன்."

"இருந்தா என்ன? கலியாணம் கட்டினாப் பிறகு கூட்டாளி வீட்டுக்கு வரக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"கூட்டாளி எண்டு நான் சொல்லேல்லயே அம்மா."

அவ்வளவுதான் பேச்சு. நான் கத்தவில்லை. கையில் இருந்த படத்தைப் பழையபடி உறைக்குள் வைத்தேன். மகள் வசந்திக்கு ரெலிபோன் எடுத்து வரச்சொல்லிவிட்டுச் சேலைகளை மடித்தேன். லிப்ற்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் குகன்தான்.

"கதவுத் திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும் அம்மா" என்றான்.

நான் அதற்கு முன்னமே திறப்பை ரீவீக்கு மேலே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ரெலிபோன் எடுப்பான். வசந்தி எடுத்து, "அம்மா குளிக்கிறா" என்பாள். ஐந்து வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்தேன்.

3

வேலைக்குப் போகிற வழியில், றோட்டுத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரில் சரிந்து விழுந்தான். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்திரண்டு வயது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மார்க் அங்கே நின்றான். உரித்தானவர் யார் என்று தாதி கேட்டபோது மருமகன் முன்னால் போய்க் கையெழுத்து வைத்தார். மார்க் சுவரோடு போய் நின்றான்.

மரண அறிவித்தலில் தாய், தகப்பன், சகோதரி, மைத்துனர், மருமக்கள் என்று எல்லாரையும் போட்டோம். மார்க்கைப் போடவில்லை. அவனை என்னவென்று போடுவது?

இங்கே செத்தவீடு அதற்கென்றே இருக்கிற பார்லரில்தான். மார்க் கடைசி வரிசையில் இருந்தான். தொடங்கமுதல் ஒரு மட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "ஃபோர் மதர்" என்றான். அந்த இரண்டு சொல்லும் எனக்கு விளங்கியது. பெட்டிக்குள் குகனுடைய உடுப்பும், நீல மட்டை போட்ட ஐந்து கொப்பிகளும்.

வசந்தி காதுக்குள் சொன்னாள்: "என்ன கோதாரியை எழுதி வைச்சிருக்கிறானோ. ஒருத்தரும் பார்க்க முன்னம் குப்பையில போடுங்கோ."

நான் கொப்பிகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பார்லரின் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். நடுவில் இருந்த ஒன்றை விரித்தேன். சரிந்த எழுத்து, சின்ன வயதில் இருந்தே அவனுக்கு அப்படித்தான். அந்தப் பக்கத்தில் இருந்தது இது:

மார்க் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைக்கிறான்.
பழக்கிவிட்டவள் அம்மா.
அம்மா போய் மூன்று பனிக்காலம்.
சப்பாத்து இன்னும் வெளியிலேதான் நிற்கிறது.

கீழே இன்னும் இருந்தது. வாசிக்கவில்லை. யாரோ கதவைத் தட்டி, "அன்ரி, ஐயர் கூப்பிடுறார், வாய்க்கரிசி போட வாங்கோ" என்றார்கள். அதனால் மூடினேன் என்றுதான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். கீழே என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறானோ என்ற பயத்தில் மூடினேன்.

வாய்க்கரிசி போட்டுவிட்டு, ஐந்து கொப்பிகளையும் அவன் வேட்டிக்குப் பக்கத்தில், கைக்குக் கீழே வைத்தேன். செத்தவருக்குப் பிரியமானதைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறது எங்களுக்குள் உள்ளதுதானே. சுற்றி நின்ற பெண்கள், "எழுத்தெண்டா அவனுக்கு உயிர், அதுதான் தாய் கூட அனுப்பிவிடுறா" என்று சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். வசந்திக்குப் பெரிய ஆறுதல். என் கையைப் பிடித்து அமத்தினாள். மகன் அப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரியாமல் நான் மறைத்துவிட்டதாக அவள் நினைத்தாள். நான் மறைத்தது அதை இல்லை. அந்தப் பக்கத்தில் நான் இருந்தேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளாக இருந்தேன்.

இங்கே கொள்ளி வைக்கிறது என்றால் ஒரு பட்டனை அமத்துகிறதுதான். வீட்டுக்காரர் மட்டும் அந்த அறைக்குள் போகலாம். மருமகன் அமத்தினார். மார்க் அதற்கு முன்னமே போய்விட்டான். பெட்டிக்குள் நான் வைத்ததை அவன் காணவில்லை.

4

இருபத்தைந்து வருஷம் கழிந்து, போன வருஷம் வைகாசியில், ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். பெயர் திவ்யா. ஸ்காபரோவில் பிறந்தவள். என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "கோயில்ல நாலு பேரைக் கேட்டன் அன்ரி" என்றாள். கனடாவில் எந்தத் தமிழரையும் நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம், அது உண்மை. எழுபத்தெட்டு வயதில் என்னை அன்ரி என்று கூப்பிடுகிறாளே என்று ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது.

அடுத்த கிழமை வீட்டுக்கே வந்தாள். ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து, வாசலில் கழற்றினாள். விஷயம் என்னவென்றால், அவளும் கூட்டாளிகளும் சேர்ந்து ஜூன் மாதத்தில் ஒரு ஓட்டம் ஓடுகிறார்கள். போட்டி ஓட்டம் இல்லை. ஆணை விரும்பிய ஆண்களும் பெண்ணை விரும்பிய பெண்களும் இந்த நகரத்தில் இருந்து கதையும் கவிதையும் எழுதிய இடங்கள் வழியாக ஓடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம் நின்று, அங்கே இருந்தவர் எழுதியதில் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டேன். தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தாள். அந்தக் கடதாசி இன்னும் என் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

"மார்க் ஒரு சின்ன புக் செய்து வைச்சிருக்கிறார் அன்ரி. ஃபொட்டோகொப்பி. உங்கட மகன் தமிழில வாசிச்சு, இங்கிலீஷில சொல்லச் சொல்ல அவர் எழுதினதாம். பன்னிரண்டு பொயம்ஸ். நான் அதை வாசிச்சிட்டு அழுதன். எங்கட ஆக்கள் ஒருத்தர், எங்களுக்கு முதலே இங்க இருந்திருக்கிறார். எனக்கு ஒருத்தருமே சொல்லேல்ல."

வசந்தி குசினிக்குள் நின்று பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

"தமிழில அவர் எழுதின கொப்பியள் உங்களிட்டத்தான் இருக்கு, பியூனரலில தந்தனான் எண்டு மார்க் சொல்றார். அதை ஒருக்காப் பார்க்கோணும் எண்டு அவருக்குச் சரியான ஆசை. இருக்குத்தானே அன்ரி?"

ஒரு ஆங்கிலப் பத்திரத்தை நீட்டினாள். நகரத்தில் ஏதோ ஒரு இடத்தில் காசு உதவி கேட்டு, அந்த மாடிக் கட்டடத்து வாசலில் குகனின் பாட்டைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிவைக்கப் போகிறார்களாம். உரித்தானவரின் கையெழுத்து வேண்டும். மூலப்பிரதி இருக்கிறதா என்று ஒரு கட்டம், யெஸ் ஒன்று, நோ ஒன்று. அவள் அதைத் தமிழில் வாசித்துத்தான் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல ஏலாது. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மகன் செத்த பிறகு அவன் பெயரைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்திருந்த முதல் ஆள் அவள்தான்.

யெஸ் கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

அவள் போன பிறகு வசந்தி வந்தாள்.

"ஆரைக் கேட்டுக் கையெழுத்து வைச்சனீங்கள்? என்ர பிள்ளையளுக்கே மாமா எண்டு ஒருத்தர் இருந்தவர் எண்டு வடிவாத் தெரியாது. இப்ப றோட்டில எழுதி ஒட்டப்போறீங்களோ?"

"அவையளுக்குத் தெரியாட்டி ஆற்றை பிழை?"

"உங்கட பிழை. நீங்கள்தானே அஞ்சு வருஷம் குளிச்சனீங்கள்."

அவளுக்கு நாக்கு அப்படி. பொய் சொல்லமாட்டாள், அதுதான் அவளோடு கஷ்டம். பேரன் ஒஷாவாவில் இருக்கிறான். மாதத்தில் ஒருமுறை ரெலிபோனில் முகம் காட்டி, "ஹாய் அம்மம்மா, ஓகேயா?" என்பான். நான் யெஸ் என்பேன். வேறு என்ன இருக்கிறது சொல்ல.

5

ஓட்டத்தன்று திவ்யா என்னைத் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுபோகிற வான் வண்டியில் ஏற்றினாள். ஓட்டினது ஒரு சீனப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவரும் சிரித்துக்கொண்டோம். மடியில் என் கைப்பை. கொப்பி அதற்குள் இருக்கிறது என்று திவ்யா நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடவேண்டும், சொல்லிவிடவேண்டும் என்று விடியத் தொடக்கம் நினைக்கிறேன். அவள் ஒரு இடத்தில் நின்றால்தானே.

நாற்பது பேர் இருக்கும். கிழவர்களும் ஓடினார்கள். முதல் தரிப்பு, பபிள்ரீ என்று குளிர்தேத்தண்ணி விற்கிற ஒரு கடை. முந்தி அதற்கு மேல்மாடியில் புத்தகக்கடை இருந்ததாம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் படியேறுவார்களாம். இரண்டாவது ஒரு செங்கல் வீடு. இரண்டு பெண்கள் நாற்பது வருஷம் ஒன்றாக இருந்த வீடு. ஒருத்தி கவிதை எழுதினவள். அவள் செத்தபோது பேப்பரில் மற்றவளை வாடகைக்கு இருந்தவள் என்று போட்டார்களாம். திவ்யா வான் யன்னலுக்கு வந்து எனக்கு இதைத் தமிழில் சொல்லும்போது நான் எங்கள் அறிவித்தலை நினைத்தேன். அவர்கள் வாடகைக்காரி என்றாவது போட்டார்கள்.

மூன்றாவது, பூங்காவில் ஆட்கள் இருக்கிற ஒரு மர வாங்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கந்தோரில் வேலைசெய்த ஒருவர் அதில் இருந்து ஒரு நாவல் முழுக்க எழுதினாராம். ஐந்து நிமிஷம் முடிந்தவுடன் கைக்கடிகாரங்கள் ஒன்றாகக் கீச்சிடும். அதற்கு மேல் நின்றால் கெண்டைக்கால் இறுகிப்போகுமாம். ஒரு ஆளின் சீவியத்துக்கு ஐந்து நிமிஷம். குறைவு என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் குகனுக்கு அதுவும் கொடுக்கவில்லை.

பார்க்டேல்தான் கடைசித் தரிப்பு, அதன் பிறகு தொடங்கின இடத்துக்கே திரும்பி ஓடவேண்டும். கட்டடம் அப்படியே இருந்தது, நிறம் மட்டும் மாறியிருந்தது. மார்க் கூட்டத்தோடு ஓடி வந்தான். தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டு கிட்ட வந்து, இரண்டு கையையும் கூப்பி, "அம்மா" என்றான். குகன் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னான். பிறகு என் கைப்பையைப் பார்த்தான்.

நான் திவ்யாவின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளை, ஒரு கதை சொல்லோணும்." "ஒரு நிமிஷம் அன்ரி, வாசிச்சு முடியட்டும்" என்றாள்.

மார்க் ஒரு கடதாசியை விரித்து இங்கிலீஷில் வாசித்தான். ஷூஸ் என்ற சொல் வந்தது. மதர் என்ற சொல் வந்தது. திவ்யா காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அம்மா போய் மூண்டு விண்டர். சப்பாத்து இன்னும் வெளியில நிக்குது. பிறகு... வெயிற் அன்ரி, இது நல்ல லைன். 'சப்பாத்தைக் கண்டிட்டு அவ திரும்பிப் போயிடக்கூடாது. தட்டவும் வேண்டாம். நாங்கள் கதவைப் பூட்டுறேல்ல.' அவ்வளவுதான். முடிஞ்சுது."

அந்தக் கழிப்பறைக்குள் நான் வாசிக்காமல் விட்டது அதுதான்.

எல்லாரும் கைதட்டினார்கள். மார்க் என்னைப் பார்த்து, கொப்பி விரிக்கிறதுபோலக் கையால் காட்டினான். திவ்யாவும் கைப்பையைப் பார்த்தாள்.

"பிள்ளை, கொப்பி இல்லை. அண்டைக்கே பெட்டிக்குள்ள வைச்சு எரிச்சுப்போட்டன். அஞ்சையும்."

"என்ன அன்ரி?"

"எரிச்சுப்போட்டன். அவருக்குச் சொல்லு."

அவள் மார்க்கைத் திரும்பிப் பார்த்தாள். "இதை நான் எப்பிடிச் சொல்றது அன்ரி? ஏலாது. பிளீஸ். கொப்பியைத் தேடுறா எண்டு சொல்லட்டா?"

தேடுகிறேன் என்றால் அவன் அடுத்த வருஷமும் வந்து என் கைப்பையைப் பார்ப்பான். அதற்கு அடுத்த வருஷமும். ஆகவே நானே சொன்னேன். என்னிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்: "புக், நோ. ஐ புட். பொக்ஸ். குகன் பொக்ஸ். ஃபயர்."

மார்க் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

"ஓல்?" என்றான்.

"யெஸ்" என்றேன். இந்த நாட்டில் நான் முழுக்க விளங்கிச் சொன்ன யெஸ் அது ஒன்றுதான்.

"அவன்ர விஷயத்தை மறைக்கச் செய்யேல்ல எண்டு சொல்லு பிள்ளை. அதில நான் இருந்தனான். அதாலதான். கடைசி வரியை வாசிச்சிருந்தா பெட்டிக்குள்ள வைச்சிருக்கமாட்டன் எண்டு சொல்லு."

"எனக்கு வேர்ட்ஸ் வருதில்ல அன்ரி" என்று திவ்யா அழத் தொடங்கினாள். அப்போது கைக்கடிகாரங்கள் கீச்சிட்டன.

மார்க் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். பிறகு மற்றக் காலையும். எல்லாரும் ஓடி, சந்தியால் திரும்பின பிறகுதான் நிமிர்ந்தான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. ஓடவும் இல்லை. அவர்கள் போன பக்கமாக நடந்து போனான்.

6

மூன்று கிழமைக்குப் பிறகு திவ்யா ரெலிபோன் எடுத்தாள். குரல் அடைத்திருந்தது.

"மார்க் பார்க்டேல் ஸ்ரொப்பை எடுக்கச் சொல்றார் அன்ரி. இனி அந்தப் பொயம்ஸை ஒருத்தரும் வாசிக்க வேண்டாமாம். அது குகன்ர இல்லையாம், தன்ர இங்கிலீஷாம். ஒரிஜினல் வருமட்டும் சும்மா குறிப்பா வைச்சிருந்ததாம். இனி வராதெண்டா, அது ஆருடையதெண்டு தனக்கே தெரியேல்லையாம்."

"வாசலில எழுதி வைக்கிறது?"

"ஒரிஜினல் இல்லாமல் அவையள் காசு தரமாட்டினம். யெஸ் எண்டு போட்ட ஃபோமைத் திருப்பி எடுத்திட்டம்."

"உனக்கு என்னில கோவமோ பிள்ளை?"

"ஓம் அன்ரி" என்றாள். "கோவம்தான். ஸொறி." அதன் பிறகு அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவளுக்கு முதலே இங்கே ஒருவன் இருந்தான் என்று கண்டுபிடித்திருந்தாள். இப்போது அவளிடம் அவனும் இல்லை.

வசந்தி இதைக் கேட்டு என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அன்று பின்னேரம் கடைக்குப் போய் ஒரு நீல மட்டைக் கொப்பி வாங்கிவந்து மேசையில் வைத்தாள்.

"அந்தாளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே அம்மா. எதையாவது எழுதிக் குடுங்கோ. அண்டைக்குக் குப்பையில போடச் சொன்னது நான். உங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாரம்?"

அவளும் அழுவாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் என் எழுத்து உருண்டை. அவனுடையது சரிவு. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் மார்க்குக்கு அது தெரியும். எட்டு வருஷம் பக்கத்தில் இருந்து அவன் எழுதுகிறதைப் பார்த்தவன். தெரியாவிட்டாலும் நான் செய்யமாட்டேன். இரண்டாவது தரமும் குகனை எரிக்க ஏலாது. அந்தக் கொப்பியில்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அவன் தமிழில் எழுதினதில் மிஞ்சியிருப்பது மேலே நான் எழுதிய நாலு வரிதான். அதுவும் ஒரு தரம் வாசித்தது. ஒரு சொல் இரண்டு சொல் என்னுடையதாக மாறியிருக்கும். கதவைப் பற்றின வரியைத் தமிழில் அவன் எப்படி எழுதினான் என்று எனக்குத் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியவராது.

7

சனிக்கிழமை ஓட்டக்காரர் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பார்க்டேலுக்கு வரமாட்டார்கள் என்றும் தெரியும். வசந்தி கொண்டுபோய் விடட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மகள் வீடு இருக்கிற அஜக்ஸில் ரயில் ஏறி, பிறகு ஸ்ரீட்கார் பிடித்து, கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றபோது பத்து மணி.

வாசலில் இப்போது இலக்கம் அமத்துகிற பூட்டு. கண்ணாடிக்குள்ளால் லிப்ற் தெரிந்தது. பெட்டியோடு நான் நின்ற அதே லிப்ற். நிமிர்ந்து நாலாம் மாடியைப் பார்த்தேன். எங்கள் யன்னலில் யாரோ துவாய் காயப்போட்டிருந்தார்கள். சுவரில் பாட்டை எழுதிவைக்க இருந்த இடத்தில், பழைய சோபாக்களை வெளியில் போடக்கூடாது என்றோ என்னவோ ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது.

ஓட்டக்காரரைப்போல ஐந்து நிமிஷம் நிற்பதென்று நினைத்தேன். அந்த நாலு வரியையும் வாய்க்குள் சொன்னேன். சத்தமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லி முடிய அரை நிமிஷமும் ஆகவில்லை.

அப்போது ஒரு இளம் பெண் கையில் உடுப்புக்கூடையோடு உள்ளே இருந்து வந்தாள். நான் அங்கே குடியிருக்கிறவள், திறப்பை மறந்துவிட்டு நிற்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். கதவை முதுகால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே போங்கள் என்று தலையால் காட்டினாள். ஏதோ கேட்டாள். விளங்கவில்லை. யெஸ் என்று சொல்லியிருந்தால் போதும். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் சொன்ன சொல்.

"நோ, நோ. தாங்க்யூ" என்றேன்.

அவள் தோளை உயர்த்திவிட்டுப் போனாள். கதவு மெல்ல மெல்லத் தானாகவே வந்து மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் ஸ்ரீட்கார் தரிப்புக்கு நடந்தேன்.